வாய்வு என்று எழுதினேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த வலிக்கும் ஒரே பெயர்தான். நெஞ்சு வலித்தாலும் வாய்வு, முதுகு வலித்தாலும் வாய்வு. அதனால் அன்று காலை செல்லசாமி வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து வாய்வு என்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவர் எங்கள் தோட்டத்தின் பழைய கண்டாக்கு; மலையில் கொழுந்து பறிக்கும் ஆட்களை மேய்த்தவர். வயது எழுபத்தொன்று, ஐம்பது வருடச் சிகரெட். முதுகைக் குத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, இரத்த அழுத்தம் தொண்ணூறு. மகள் தனுஜா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ராக்காயி மக தானே நீ? ஒனக்கும் கோட்டு குடுத்துட்டாங்களா? ஒரு ஊசியப் போட்டு விடு புள்ள, போறேன்."

படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு மேலே தோடம்பழம் அளவில் ஒரு கட்டி, இதயத்தோடு சேர்ந்து துடித்து என் விரல்களை இரண்டு பக்கமும் தள்ளியது. வயிற்றுப் பெருநாடி வீங்கி, வெடித்துக் கசியத் தொடங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். நான் இரண்டு நிமிடம் கையை எடுக்கவில்லை.

செய்யவேண்டியதும் தெரியும். ஸ்கேன் அடுத்த அறையில். சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஒரு அழைப்பு, இரத்தம், அம்புலன்ஸ், கண்டி பெரியாஸ்பத்திரி.

பதினேழு வருடத்துக்கு முன் என் அம்மா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதக் கர்ப்பம். வாய்வுதான், மலைக்குப் போனால் இறங்கிவிடும் என்று இதே மனிதர் அனுப்பிவைத்தார். தேயிலைக்கு நடுவே தம்பி செத்துப் பிறந்தான். அம்மா இன்றும் அவரை ஐயா என்றுதான் சொல்வாள். இப்போது அவர் சாவு வீட்டுக்கும் போய் அழுதுவிட்டு வந்தாள். அவளை என்ன சொல்ல.

மருந்துத் துண்டில் வாய்வு என்று எழுதி, நெஞ்செரிவு மாத்திரை கொடுத்தேன். தனுஜா மட்டும் நகரவில்லை.

"வேன் வெளிய நிக்குது டாக்டர். கண்டிக்கே கொண்டு போயிறவா?"

"வேணாங்க. வயசான மனுசன, சும்மா அலைக்கழிக்காதீங்க. வீட்டுல படுக்கட்டும்."

அவள் எனக்கு நன்றி சொன்னாள். வேன் தோட்டத்துப் பாதையின் முடக்கு ஏறுவதற்குள் அவர் முடிந்துபோனார்.

விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் என்மேல் இரக்கம். புது டாக்டர், தோட்டத்துப் பிள்ளை, படித்து வந்ததே பெரிய காரியம், தெரியாமல் விட்டிருப்பாள் என்று நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். அப்படி எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை தப்பும் என்கிறீர்கள். உங்கள் இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உரிய நேரத்தில் சத்திரசிகிச்சைக்குப் போனால் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். அந்தப் பாதியைத் தெரிந்தேதான் அவருக்குக் கொடுக்கவில்லை. வேலையை எடுங்கள், பொலிசைக் கூப்பிடுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் அறிக்கையில் 'நோயைக் கண்டறியத் தவறினார்' என்ற வரியை வெட்டிவிடுங்கள். நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன்.