ஆரோன் இல்லாத சபை வரலாறு

ஜனவரி, மாலை ஆறரை. கனடாவின் சஸ்காச்சுவானில் அதற்குள் கும்மிருட்டு… பனி மூடிய சாலையில் ஒரே ஒரு வண்டி.

(சூரியகாந்தி விதை கொறிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்களப்பா. எனக்கே பயமாக இருக்கிறது.)

வண்டியில் கோர்னேலியஸ் டூர்க்சன், நம் டீனாவின் சித்தப்பா கோர்னி. பக்கத்து இருக்கையில் அவர் எழுதிய நம் மென்னோனைட் சபையின் வரலாறு. சபையில் மிஞ்சியது எட்டே பேர். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஒருவர் காலை ஒருவர் கழுவி, அன்றோடு கதவைச் சாத்துவதாக ஏற்பாடு. ‘கடைசி ஆராதனைக்கு எட்டுப் பேர் வந்தனர்’ என்று முன்கூட்டியே எழுதி முடித்திருந்தார். அவ்வளவு சுறுசுறுப்பு.

அதில் எல்லாம் இருந்தது, அவருடைய அண்ணன் ஆரோனைத் தவிர.

“பெரியப்பா பேரு எங்க?” என்று டீனா கேட்டிருந்தாள்.

“பக்கம் பத்தலடி.”

“சபைக்கு அடுப்பு வாங்குனதுக்கு மட்டும் ரெண்டு பக்கமா?”

அவர் நோட்டை மூடி வைத்தார்.

ஆரோன் துப்பாக்கி ஏந்திப் போருக்குப் போனவர். ஆயுதமே தொடக்கூடாது என்கிற சபை அவரை விலக்கிவிட்டது. திரும்பி வந்து, ஒரு கால்கழுவும் நாளில், தொட்டியோடு தம்பியின் முன் மண்டியிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். கோர்னி காலை இழுத்துக்கொண்டார். ஆரோன் எழுந்து வெளியே நடந்தார்… மறுநாள் இதே சாலையில் விறைத்துக் கிடந்தார்.

ஆலயத்தில் குளிருக்கு அடுப்பு மூட்டத்தான் கோர்னி முன்னதாகப் போனார். ஆனால் குளிரில் கால் மரத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்.

சளக்… சளக்… தகரத் தொட்டியில் தண்ணீர். துணிச் சோப்பு வாசனை. ஈரக் கம்பளி நாற்றம். இருட்டில் யாரோ மண்டியிட்டிருந்தார்கள்.

“டேய் கோர்னி… காலக் குடுடா.”

இம்முறை அவர் இழுக்கவில்லை. இதமான சூடு. பிறகு, முறைப்படி, இடம் மாறினார்கள். கோர்னி மண்டியிட்டு, தண்ணீருக்குள் அந்தப் பாதங்களைப் பிடித்தார்.

மற்றவர்கள் வந்தபோது அடுப்பு எரியவில்லை. எதிரே வெறும் பெஞ்சு. தொட்டித் தண்ணீரில் ஆவி பறந்தது. கோர்னியின் கால்விரல் பத்தும் குழந்தையின் விரல்களைப்போல் சிவந்திருந்தன.

வெந்நீருக்குள் இருந்த கைகள்தான்… மணிக்கட்டு வரை உறைந்து கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் டீனா கேட்டாள், “வலிக்குதா சித்தப்பா?”

“ஒண்ணுமே தெரியலடி. அந்தக் கடைசிப் பக்கத்த எடு. இனிமே நீதான் எழுதணும்… எட்ட அடிச்சிட்டு ஒம்போதுன்னு போடு.”