கண்ணாடித் தலையணை உடைந்தது குறித்து

எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். வயது நிறையாதவள் என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் வாங்கிக்கொள்ளப்பட்டன. அவற்றை இங்கே எழுத வேண்டாம் என்று பெண் காவல் அலுவலர் சொன்னார். அம்மாவும் அக்காவும் நானும் ஒரே வீட்டில் வசித்து வருகிறோம். அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறார். அவர் இப்போது என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை என் கைப்படவே எழுத அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், என் அபிப்பிராயத்தைச் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அப்படியே எழுத முயல்கிறேன்.

என் அக்கா பல்கலைக்கழகத்தில் சமகாலக் கைவினையும் ஆக்கமும் என்ற படிப்பில் கடைசி ஆண்டு மாணவி. முதல் ஆண்டில் மரம், மண், உலோகம், நூல், கண்ணாடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அக்கா கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தாள். அவள் சேர்ந்த புதிதில் அம்மா, "தம்ளர் செய்யறதுக்கு ஒரு டிகிரியா? கடையிலதான் டஜன் கணக்கா கிடைக்குதே" என்று கேட்டார். அதன் பிறகு அக்காவின் வேலைகளைப் பார்த்துப் பார்த்து, போன ஆண்டிலிருந்து, உறவினர்கள் யாராவது கேட்டால், "எம் பொண்ணு கண்ணாடியில சிற்பம் பண்றா" என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளி முடிந்ததும் நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் அக்காவோடு வீட்டுக்குத் திரும்புவது வழக்கம். அம்மா அந்த நேரத்தில் தூங்குவார். வீட்டில் விளக்குப் போட்டால் விழித்துக்கொள்வார். பட்டறையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அங்கே எல்லாரையும் எனக்குத் தெரியும். பட்டறையைப் பார்த்துக்கொள்பவரைப் பட்டறை அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் மாணவர் அக்காவின் வகுப்பு. மரவேலை செய்பவர். எந்நேரமும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு மரங்கொத்தி என்று பட்டப்பெயர். அவருடைய அம்மாவைத் தவிர வேறு யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்கா தன் கடைசி ஆண்டு வேலையாகச் செய்தது கண்ணாடித் தலையணை. அம்மா பகலில் தூங்கி எழுந்த பிறகு தலையணையில் விழுந்திருக்கும் பள்ளத்தை அப்படியே அச்செடுத்து, உருக்கிய கண்ணாடியால் செய்தது. நடுவில் பொள்ளல் கிடையாது, முழுக் கட்டி. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அத்தனை தடிமனான கண்ணாடியைச் சூளையிலேயே வைத்து, சூட்டை மெல்ல மெல்லக் குறைத்து, மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஆற விட வேண்டும் என்று பட்டறை அண்ணன் நான் இருக்கும்போதே அக்காவிடம் சொன்னார். மேலே சீக்கிரம் ஆறி உள்ளே ஆறாமல் இருந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும் என்றார்.

அதன் பிறகு முதல் அச்சு சூளையிலேயே விரிசல் கண்டு, அக்கா மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது அச்சு நன்றாக வந்தது. ஆனால் கண்காட்சி நெருங்கிவிட்டது. கண்காட்சியில் வேலை வைக்கப்படாவிட்டால் அந்த ஆண்டுத் தேர்வே இல்லை. முழு ஆண்டையும் திரும்பப் படிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பட்டறை அண்ணன் தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போகவிருந்தார். போகும்போது, "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா? சூளையில கை வைக்காதே" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் சிரித்தாள். அவர் போன பிறகு அக்கா சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்களை மாற்றினாள். என்ன மாற்றுகிறாய் என்று கேட்டேன். "கொஞ்சம் வேகமா ஆறட்டும்" என்றாள்.

அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. எந்தக் கண்ணாடியும் தாள் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. தாள் பார்ப்பது என்றால், ஒரு விளக்குப் பெட்டியின் முன்னால் சட்டமிட்ட இரண்டு சாம்பல்நிறத் தாள்கள் நிற்கும். ஒன்றை ஒன்றுக்குக் குறுக்காகத் திருப்பினால், பின்னால் விளக்கு எரிந்தாலும் எல்லாம் இருட்டாகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். மற்றவர்களுடைய வேலைகளைப் பார்க்கும்போது நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். இருட்டாகவே தெரியும். பட்டறை அண்ணன் தலையாட்டுவார், எடுத்துப் போவார்கள். இருட்டில் எதைப் பார்த்துத் தலையாட்டுகிறார் என்று நான் யோசித்ததுண்டு, கேட்டதில்லை.

கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் பள்ளி விட்டு நான் போனபோது, அக்கா தலையணையைச் சூளையிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்திருந்தாள். பட்டறையில் வேறு யாரும் இல்லை. எல்லாரும் கண்காட்சிக் கூடத்தில் தங்கள் வேலைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடிக்க, தலையணையைத் தாள்களுக்கு நடுவில் வைத்தோம். அக்கா விளக்கைப் போட்டாள். தலையணை முழுவதும் நிறமாக இருந்தது. புறாக் கழுத்தில் தெரிவதுபோல் பச்சையும் ஊதாவும், பள்ளத்தைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் வளையம் வளையமாக இருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. "அக்கா, இதை இப்படியே வைக்கலாமே" என்று சொன்னேன். அவள் கை விளக்கின் பொத்தான்மேலேயே இருந்தது. பிறகு அணைத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். கண்காட்சியில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, நாங்கள் அங்கே இருக்கும்போதே பட்டறை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி பிறந்திருப்பதாகச் சொன்னார் என்று அக்காவின் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். வாழ்த்துச் சொன்ன பிறகு அக்கா, "தாள் பாத்தாச்சு அண்ணே. சுத்தமா இருட்டா இருக்கு" என்றாள். அவள் பேசி முடித்ததும், ஏன் இருட்டு என்று சொன்னாய் என்று கேட்டேன். "உனக்கு நாளைக்குப் பரீட்சை இல்ல? போய்ப் படி" என்றாள். எனக்குப் பரீட்சை எதுவும் இருக்கவில்லை.

அன்று மாலையே தலையணையைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே சன்னலோர இடத்துக்காக அக்காவுக்கும் மரங்கொத்திக்கும் வாக்குவாதம் நடந்தது. அவர், "உன் தலையணைக்கு மட்டும்தான் வெளிச்சம் வேணுமா? என் நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். அக்கா, "நாற்காலி உக்கார்றதுக்கு. அதை இருட்டுல போட்டாக்கூட உக்காரலாம்" என்றாள். அவர், "அப்ப உன் தலையணையில படுத்துத் தூங்கிக் காட்டு, மண்டை வீங்கலைன்னா இடத்தை எழுதித் தர்றேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கையில் இருந்த கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியலை, உயர்த்திக் காட்டி, "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இதாலயே அதுக்கு ஒண்ணு போடுறேன் பாரு" என்றார். இந்த வார்த்தைகளை அவர் சொன்னது உண்மை. சிரித்துக்கொண்டு சொன்னார். அக்காவும் சிரித்தாள். கடைசியில் அவரே தன் நாற்காலியைச் சன்னலின் மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையிலேயே நான் அக்காவோடு கூடத்துக்குப் போனேன். கூடத்தின் காவலாளியை நான் வாசல் மாமா என்று கூப்பிடுவேன். எப்போதும் என் கையில் புத்தகம் இருப்பதால் அவர் என்னைப் புலவர் என்பார். அன்றும், "என்ன புலவரே, இன்னிக்கு எத்தனாம் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அதைச் சன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். என் வலப்பக்கம் தலையணை. இடப்பக்கம் மரங்கொத்தியின் நாற்காலி. நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் தலையணைப் பக்கம் வர வேண்டுமானால் என் காலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஒரு முறையும் வரவில்லை.

அதன் பிறகு திறப்பு விழாவுக்காக மேல்விளக்குகளைப் போட்டார்கள். ஒரு விளக்கு நேராகத் தலையணையின் பள்ளத்தில் விழுந்தது. அக்கா அம்மாவை அழைத்து வருவதற்காக வாசலுக்குப் போனாள். மரங்கொத்தி தன் நாற்காலியின் கால் ஆடுகிறது என்று ஒரு சிறிய ஆப்பைச் செருகிக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டிருந்தார். வாசல் மாமா பீடங்களில் இருந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்து, தலையணையின் பீடத்தைக் குனிந்து துடைத்தார். மரங்கொத்தி தட்டுவதை நிறுத்திவிட்டு, ஆப்பு சரியாக இறங்கிவிட்டதா என்று தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வலப்பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். பீடத்தின் மேல் பாதித் தலையணைதான் இருந்தது. வாசல் மாமா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூசி துடைக்கும் துணி அவர் முழங்கையில் தொங்கியது.

மரங்கொத்தி கொட்டாப்புளியைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஓடி வந்தார். அதே சமயத்தில் அக்கா அம்மாவோடு உள்ளே வந்தாள். வந்தவள், "உடைச்சிட்டான்! சொன்ன மாதிரியே உடைச்சிட்டான்!" என்று கத்தினாள். முந்தின நாள் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நான், இல்லை அக்கா, அவர் தரையில் படுத்திருந்தார் என்று சொன்னேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டதோ என்னவோ, எனக்குத் தெரியாது. அம்மா உடைந்த பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளம் முழுசாகவே இருந்தது.

அதன் பிறகு வாசல் மாமாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய வலக்கண் போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது, "வா புலவரே. இனிமே நீதான் எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார். தான் குனிந்திருந்ததாகவும் வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு தட்டும் சத்தம் மட்டும் கேட்டதாகவும், வேறு எதுவும் நினைவில்லை என்றும் சொன்னார். மரங்கொத்தியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம்தான் முதலில் தெரிந்துகொண்டேன். அக்கா எழுதிக்கொடுத்த புகாரின் பேரில் என்று அவர் சொன்னார்.

மறுநாள் மரங்கொத்தியின் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "கால் ஒடிஞ்ச ஸ்டூலைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டாம்மா, ஒட்டித் தர்றேன்னு எடுத்து வச்சுக்குவான். அவனா உடைப்பான்?" என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அவர் போன பிறகு, அக்காவின் அலமாரியில் இருந்த கண்ணாடி பற்றிய பாடப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அதில் தாள் பார்ப்பதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இருட்டாகத் தெரிந்தால் கண்ணாடி நலம். நிறம் தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. நிறம் கூடக் கூட இறுக்கமும் கூடும். அப்படிப்பட்ட கண்ணாடி யாரும் தொடாமலேயே, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, கொஞ்சம் சூடு பட்டாலும் வெடிக்கக்கூடும். அதைத் திரும்பச் சூளையில் வைத்து முறையாக ஆற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த வரிக்குக் கீழே அக்காவின் கையால் பென்சில் கோடு இழுத்திருந்தது. முதல் ஆண்டில் படிக்கும்போது அவள் எல்லாப் புத்தகத்திலும் இப்படிக் கோடு போடுவாள்.

நான் புத்தகத்தோடு அக்காவிடம் போனேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவன் தட்டின அதிர்வுலயும் உடைஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அவர் அப்போது தட்டவில்லை என்று சொன்னேன். "நீ புத்தகம் படிச்சுக்கிட்டு இருந்தே" என்றாள். இல்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். விளக்கை அணைத்துவிட்டு ஒரே படுக்கையில் படுத்தோம்.

இன்று காலை நான் கிளம்பும்போது அக்காதான் எனக்குத் தலை பின்னி விட்டாள். பின்னிக்கொண்டே, "பொய் சொல்லச் சொல்லலை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, போதும்" என்றாள். இங்கே என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். அந்த மாணவர் அங்கே இருந்தாரா? இருந்தார். அவர் கையில் சுத்தியல் இருந்ததா? இருந்தது. அதால் ஒன்று போடுவேன் என்று முந்தின நாள் சொன்னாரா? சொன்னார். மூன்று பதிலும் உண்மை. மூன்றையும் சேர்த்து வைத்தால் வருவது உண்மை இல்லை. ஆகவே கேட்கப்படாததையும் எழுதியிருக்கிறேன். சூளையின் எண்கள் பற்றியும் தாள்கள் பற்றியும் தொலைபேசியில் சொன்னது பற்றியும் யாரும் என்னைக் கேட்கவில்லை. இது அபிப்பிராயம் என்றால் அடித்துவிடலாம். ஆனால் நான் பார்த்ததும் கேட்டதும்தான்.

இதில் எழுதியுள்ளவை அனைத்தும் யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானே சொன்னவை. எனக்குத் தெரிந்தவரை உண்மை. படித்துப் பார்த்தேன், திருத்தம் ஏதும் இல்லை.

பின்சேர்க்கை: பாதுகாவலர் என்ற முறையில் அம்மாவும் கையெழுத்திட வேண்டும் என்று அலுவலர் சொன்னதால், தாள்களை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துப் படித்தார். முடித்ததும் என்னிடம், "அவ பேரு இதுல எங்கயும் வரலையே?" என்று கேட்டார். அக்கா என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். "ஆமா. அக்கான்னுதான் எழுதியிருக்கே" என்றார். அதன் பிறகு அம்மா கையெழுத்திட்டார். பேனாவை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். நான் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்திட்டேன்.