பெயர் மறைத்துக் கேட்ட வாசிப்பு

ஹலோ... ஹலோ, சாம்சன் அண்ணாச்சியா?... நான் யுவராணி பேசுதேன், ராஜபாளையத்துல இருந்து... ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கேன். நலம் விசாரிக்க இப்ப நேரமில்ல. வாட்ஸ்அப்ல நீங்க போட்ட முடிவப் பாத்துட்டுத்தான் கூப்பிடுதேன்... எந்த முடிவா? "நமது வட்டத்தின் இந்த ஆண்டின் மனங்கவர்ந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் திரு. நவநீதகிருஷ்ணன்." செயலாளர்னு கீழ உங்க பேருதான போட்டிருக்கு?

... இருங்க. குறுக்க பேசாதீக. நான் முதல்ல சொல்லி முடிச்சிருதேன்.

... பாண்டீஸ்வரியா? இங்கதான் இருக்கா. என் வீட்டுல, என் முன்னால, நாற்காலி நுனியில உக்காந்திருக்கா. மத்தியானம் வேலைய விட்டு விலகுதேன்னு எழுதிக் குடுத்துட்டு நேரா இங்க வந்திருக்கா... எந்த வேலையா? அவளுக்கு எத்தன வேலை இருக்கு அண்ணாச்சி? பேண்டேஜ் துணி கம்பெனி வேலைதான். ஞாயித்துக்கிழமை நம்ம ஆண்டுவிழாவுல வாசிக்கணும், ஒரு நாள் லீவு வேணும்னு கேட்டிருக்கா. சூப்பர்வைசர் முடியாதுன்னுட்டான். "கெஞ்சாத, எழுதிக் குடுத்துட்டு வா. விழாவுக்கு மெட்ராஸ்ல இருந்து வாரவரு, நம்ம வட்டம் யாரத் தேர்ந்தெடுக்கோ அவங்கள அவரு மியூசிக் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்க வச்சுக்கிடுவாரு"ன்னேன்... ஆமா, நான்தான் சொன்னேன். முடிவு வரதுக்கு முன்னாலதான் சொன்னேன். அவதான் ஜெயிப்பான்னு எனக்குத் தெரியும்.

இப்ப வேலையும் போச்சு, மேடையும் போச்சு. யாருக்குப் போச்சு? அவ வேலை பாத்த கம்பெனி முதலாளி மகனுக்கு!

... வாசிப்புக்குக் குடுத்ததா? அப்பிடியா? அவிய அப்பா விழாவுக்கு மண்டபம் குடுத்திருக்காகளே, அது எதுக்குக் குடுத்தாகளாம்? கொசு கடிக்காம நாம ஜாஸ் கேக்கதுக்கா?

... மேடையில பேசுத மாதிரி பேசுதேனா? பேசத்தான் செய்வேன். கேளுங்க. கோயில்ல யாரு முன்னால நிக்கணும்னு ஒரு சண்டை. டீக்கடையில யாருக்கு எந்த டம்ளர்னு ஒரு சண்டை. செத்த பொறவும் எந்தப் பாதையில தூக்கிட்டுப் போகணும்னு சண்டை. இந்தச் சண்டையில எல்லாம் அடிபட்டு வந்த நாம ஒரு எட்டுப் பேரு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல ஒரு டியூஷன் சென்டர் மாடியில, ஃபேன் கூட இல்லாம உக்காந்து, கடல் தாண்டி வந்த ஒரு இசையக் கேட்டோம். எதுக்கு? அது அடிமைப்பட்ட சனங்க கிட்ட இருந்து பொறந்த இசை. இன்னாரு வாசிக்கலாம், இன்னாரு வாசிக்கக்கூடாதுன்னு அதுல எவனும் எழுதி வைக்கல. அதுக்காகக் கேட்டோம். இப்ப அந்த மாடியிலயும் முதலாளிக்கு நாற்காலி தூக்கிப் போட்டுட்டீகளே அண்ணாச்சி!

... உம்... உம்... கோவப்படுதேன், ஆமா. கோவப்படாம?

... விதிய மீறலையா? அந்த விதிய எழுதுனது யாரு? நான். "வாசித்தவர் பெயரை மறைப்போம். வாசிப்பை மட்டும் கேட்போம். கேட்டபின் எண்ணை எழுதிக் கையொப்பமிடுவோம். பிரித்தபின் மாற்றமாட்டோம்." நாலு வரி. அஞ்சு பேரு வாசிப்பையும் நம்பர் போட்டு நீங்க ஓட்டுனீக. நம்பர் போட்டவருங்கதால உங்களுக்கு ஓட்டு இல்ல. மீதி ஏழு பேருக்கு ஏழு சீட்டு. எனக்கு மகாராஜபுரத்துல கூட்டம் இருந்துச்சு, சீட்டக் குடுத்துட்டுக் கெளம்பிட்டேன். நான் பஸ் ஏறுன பொறவு அங்க என்ன நடந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க.

... என்னது? "என் தப்புன்னே வச்சுக்கோம்மா"வா? அது என்ன, வச்சுக்கோ? செஞ்சீகளா, செய்யலயா?... "விட்டுரு"ங்கீக. எத விட? ஏட்டி பாண்டீஸ்வரி, கேட்டியா, விட்டுரச் சொல்லுதாரு! சர்ச்சுல கொயரு நடத்துத மனுசன், பொய் சொல்லத் தெரியல, அதான் மென்னு முழுங்குதாரு...

... யாரு, ஞானபாக்கியம் டீச்சரா? அவங்க நேர்மையான மனுசிதான். அவங்க சீட்டப் பிரிச்சாகளா? சரி. அவங்க முன்னாலதான் எண்ணுனீகளா? சரி, சரி. எந்த நம்பரு ஜெயிச்சுதுன்னு அவங்க சத்தமா வாசிச்சிருப்பாகள்லா? என்ன நம்பரு?... கேக்கேன்லா, என்ன நம்பரு?

... ரெண்டா?

ரெண்டாம் நம்பரா! அப்பிடிப் போடுங்க! அப்ப ஒத்துக்கிடுதீக! ஏட்டி, எந்திரி, நீதான் ஜெயிச்சிருக்க! ரெண்டாம் நம்பருதான் ஜெயிச்சிருக்கு, அவரு வாயாலயே சொல்லிட்டாரு! அழாத. கண்ணத் தொடை. நான் பேசுதேன்... அண்ணாச்சி, ரெண்டாம் நம்பரு ஜெயிச்சிருக்கறப்ப நீங்க எந்தத் துணிச்சல்ல முதலாளி மகன் பேரப் போட்டீக? ஞாயித்துக்கிழமை உங்க மண்டப வாசல்ல நான் மைக் கட்டிப் பேசப் போறேன், பாத்துக்கிட்டே...

... என்ன சொன்னீக?

... இல்ல. இல்ல, இல்ல. அது எப்பிடி? ரெண்டாம் நம்பரு பாண்டீஸ்வரி வாசிச்சது. எனக்குத் தெரியாதா? பின்னால தறிச் சத்தம் கேட்டுதே. டக்கு டக்குனு, பாட்டு முடியுத வரைக்கும். தறிக்குப் பக்கத்துல வச்சுப் பதிஞ்சது. முதலாளி வீட்டுப் பையன் எதுக்குத் தறிக்குப் பக்கத்துல...

... கம்பெனி ஆபீஸ் ரூம்லயா? அவன் அங்க வச்சா பதிஞ்சான்?

... ஏட்டி. நீ எங்க வச்சுப் பதிஞ்ச?... சும்மா சொல்லு... சர்ச் பின் ரூம்லயா? கதவச் சாத்திக்கிட்டா?... சரி. ஒண்ணுமில்ல. நீ உள்ள போயி எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா... அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்லா. போ.

... அண்ணாச்சி.

... ம்.

... ம். நாலா? நாலாம் நம்பரா அவளுது?

... ஆமா. அழுதேன். நாலு ஓடுனப்ப எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. நீங்க பாத்தது சரிதான். அந்தக் கடைசியில ஒரு கம்பிய மட்டும் வச்சுக்கிட்டு, அவசரமே படாம, செத்த நேரம் அப்பிடியே விட்டு, பொறவு எறங்குனா பாருங்க... எறங்குச்சே அந்த வாசிப்பு. ஏழு பேரும் மூச்சு விடாம இருந்தோம்.

... எழுதல. நான் நாலுன்னு எழுதல.

... ஏன்னா கேக்கீக? சொல்லுதேன். ஒரு சத்தம் இல்ல, ஒரு பிசிறு இல்ல, துடைச்சு வச்ச கண்ணாடி கணக்கா இருந்துச்சு. இம்புட்டுச் சுத்தமா வாசிக்கணும்னா நல்ல கிட்டாரு வேணும், தனி ரூம் வேணும், சொல்லிக்குடுக்க ஆள் வேணும், இது அந்த முதலாளி மகன்தான்னு நெனச்சேன். அவளால முடியும்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி. எனக்கு! "உழைக்கும் பெண்ணின் விரலுக்கு எட்டாதது எதுவுமில்லை"ன்னு நோட்டீஸ் அடிச்சு ஊரு ஊராக் குடுத்தவளுக்கு! அவ பிசிறா வாசிப்பா, பின்னால தறி ஓடும், நாமதான் கைதூக்கி விடணும்னு, பேர மறைச்சு வச்ச வாசிப்புல நானே ஒரு பேர ஒட்டி வச்சுக் கேட்டிருக்கேன். கிட்டாரக் கேக்கல. தறிக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்கேன்.

... எத்தனைக்கு எத்தன?

... நாலுக்கு மூணு.

... அப்ப என் சீட்டு மட்டும் மாறியிருந்தா...

... ஆமா. ஆமா. தெரியுது. சொல்லாதீக.

... சின்னப் பேச்சுப் பேசிட்டேன் உங்கள. இம்புட்டு நேரம் என்னைய மறைக்கத்தான் திட்டு வாங்குனீகளா? டீச்சரும் சொல்லலையே... ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீகளோ...

... என்ன வழி? சொல்லுங்க... நீங்க தப்பா எண்ணிட்டதாச் சொல்லிருவீகளா? குரூப்ல மன்னிப்புப் போட்டு, நாலாம் நம்பருதான்னு மாத்திருவீகளா... யாருக்கும் தெரியாதா...

... உண்மையாவா சொல்லுதீக?... என் சீட்ட?... உங்க கையிலதான் இருக்கா? கிழிச்சிருவீகளா?

... இல்ல அண்ணாச்சி. வேண்டாம். கிழிக்காதீக. அந்தப் பையன் ஜெயிச்சிருக்கான். என்ன இருந்தாலும் அவன் ஜெயிச்சிருக்கான். முதலாளி மகன்ங்கதுக்காக அவனுக்குக் குடுத்தாலும் அநியாயம், அதுக்காகப் புடுங்குனாலும் அநியாயம். "பிரித்தபின் மாற்றமாட்டோம்"னு எழுதுனேனே, எனக்கு வேற ஒரு விதியா? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடை ஏறுவேன்?

... மேடையே ஏறலன்னாலும் அது தப்புதான். சரி.

... அவகிட்டயா? இன்னும் சொல்லல. தண்ணிக்கு அனுப்பிருக்கேன்... அது தெரியுது. அவ கம்பெனிக்காரங்க காலைல மறுபடியும் எடுத்துக்கிடுவாங்கன்னு நெனைக்கீகளா? எழுதிக் குடுத்த காகிதத்துல வாசகம் நான் சொன்னது. "தன்மானம் கருதி விலகுகிறேன்"னு எழுதச் சொன்னேன். அதப் படிச்ச எவன் திருப்பி எடுப்பான்?

... நீங்க வந்து சொல்லுதீகளா? வேண்டாம். டீச்சரும் வேண்டாம்.

... வந்துட்டா. இங்கதான் நிக்கா. உள்ள போகல போலுக்கு, கதவுகிட்டயே நின்னுருக்கா, கையில செம்பே இல்ல... ஏட்டி, எம்புட்டு நேரமா நிக்க?

... அண்ணாச்சி, நீங்க போன வைங்க.

... இல்ல, நீங்க லைன்ல இருந்தீகன்னா நான் உங்களுக்குக் கேக்குத மாதிரி நல்ல வார்த்தையாத் தேடிப் பேசிருவேன். எனக்கு அது வரும். அவகிட்ட அப்பிடிப் பேசக்கூடாது. வைங்க...

வைங்கன்னு சொல்லுதேன்லா.