இரண்டாவது கையெழுத்து

பென்சில் சீவுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கூர் நீளமாக இருந்தால் எழுதும்போதே ஒடியும், மொட்டையாக இருந்தால் எண் ஈஷிக்கொள்ளும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேனாவுக்கு வேலை இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஒரு புட்டியில் எங்களிடம் வரும். அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, மறுநாள் காலைவரை ரசாயனத்தில் ஊறவைப்போம். பேனா மை அதில் கரைந்துபோகும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். பெட்டியின் மேல் நோயாளியின் எண்ணை எழுதுவதுதான் என் வேலை. மூன்று வருடம் அதைத்தான் செய்தேன்.

நிதானமாகச் சொன்னால் போதும் என்றீர்கள். நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.

வேலை மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை, தலைக்கு மேல் மின்விசிறிகூட இருந்தது. ஆனால் இருபத்து நான்கு வயதில், காலையில் பஸ் திரும்பி அந்தக் கட்டடம் கண்ணில் பட்டதும், இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்விடலாமா என்று தோன்றும். ஓய்வு பெறும்வரை எத்தனை பெட்டிகளில் எழுதுவேன் என்று ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் அதே ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். டாக்டர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தார்.

"பிடிச்ச வேலையை எவன்டா பாக்குறான்? முப்பத்தஞ்சு வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். எனக்கு மட்டும் பிடிச்சா இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தங்கையிடம் கேட்டேன். "விட்டுடுண்ணா. ஆனா விட்டுட்டு என்ன பண்ணப்போறே?" என்றாள். "என்ன பண்ணலாம்?" என்று அவளையே கேட்டேன். "அதத்தான் நானும் கேக்குறேன்" என்று போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. இது பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஒருவழியாக ராஜினாமா கடிதம் எழுதித் தலைமை டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உன்னை மாதிரி சுத்தமா எழுதுற ஆள் எனக்கு எங்கப்பா கிடைப்பான்? ஒரு வாரம் யோசி. அப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா நான் தடுக்க மாட்டேன்."

ஒரு வாரம் யோசித்தேன். எட்டாம் நாள் நானே போய்க் கெஞ்சி அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கழிவறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. நானாக விடுகிற ஜாதி இல்லை நான். ஆனால் வேலை என்னை விடலாம் அல்லவா? வெளியே அனுப்பப்பட்டவனை, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் குடைய மாட்டார்கள். பாவம் என்பார்கள், அதோடு சரி. தாமதமாகப் போக ஆரம்பித்தேன். "பஸ் கிடைக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். மூன்று நாள் சொல்லாமல் மட்டம் போட்டேன். நான்காம் நாள் அக்கா எனக்கும் சேர்த்து வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். இவ்வளவு நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் மனிதன் என்ன செய்வான்?

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பத்தொன்பது வருட சர்வீஸ், எல்லோருக்கும் கையெழுத்தக்கா. பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். எண்ணை எழுதுகிறவன் முதலில் போடுவான். இரண்டாவது ஆள் புட்டி, சீட்டு, பெட்டி மூன்றையும் தன் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு போட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அக்காவுடையது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே டாக்டரிடமிருந்து இரண்டு புட்டிகள் சேர்ந்து வந்தன. இருவரும் நாற்பது தாண்டிய பெண்கள், இருவருக்கும் மார்பில் கட்டி, புற்றா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சீட்டில் அப்படித்தான் இருந்தது. தையல்காரரின் எண்ணை வேன்காரரின் பெட்டியிலும், வேன்காரரின் எண்ணைத் தையல்காரரின் பெட்டியிலும் எழுதினேன். அக்கா பார்ப்பார், கத்துவார், டாக்டரிடம் போவார், மதியத்துக்குள் என்னை அனுப்பிவிடுவார்கள். எண்களைத் திருத்தி எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் கெடுதல் வராத தவறாகப் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

யாரும் கத்தவில்லை. மதியம் வந்தது, அக்கா சாப்பிடக் கூப்பிட்டார், போய்ச் சாப்பிட்டேன்.

அறிக்கை போக நான்கு நாள் ஆகும். நான்கு நாளும் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். தினமும் டாக்டரின் அறை வாசல்வரை போனேன். ஆனால் நானே போய்ச் சொன்னால், அது நானே வேலையை விட்டதாக ஆகிவிடும். அதைத்தானே என்னால் செய்ய முடியவில்லை.

தையல்காரர் அறிக்கை வாங்க நேரில் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, எடுத்து வைக்க மறந்திருக்கிறார். "நல்லதுன்னுதானே தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அறிக்கையில் அப்படித்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. "நீ நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேன்காரருக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அதுவும் எங்களிடம்தான் வந்தது, பெரிய புட்டியில். அதற்குச் சரியான எண்ணையே எழுதினேன். டாக்டர் அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. "சின்னக் கட்டி போல. முதல்ல எடுத்தப்பவே மொத்தமும் வந்திருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். "காலைல சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார்.

பதினோரு மாதம் கழித்துத் தையல்காரர் திரும்பி வந்தார். அதற்குள் நோய் எலும்புவரை போயிருந்தது. அதற்கப்புறம் ஏழு வாரம் இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே விசாரணை நடந்தது. பழைய துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டார்கள், இடம் மாறியது தெரிந்தது. எழுதுகிறவன் தவறலாம், அதைப் பிடிக்கத்தான் இரண்டாவது கையெழுத்து என்று சொல்லி ஒரே நாளில் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, உன்னை ஒண்ணும் பண்ணலை. சின்ன வயசு, பாத்து நடந்துக்கோ" என்றார். உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. நான் தவமாய்த் தவமிருந்தது அவருக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அப்பா அதை நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அக்கா பார்த்துத் திருத்துவார் என்று நம்பித்தானே மாற்றினாய் என்று சற்று முன் கேட்டீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அது அப்படியில்லை. முதல் வருடம் அக்கா ஒவ்வொன்றையும் பார்த்தார். இரண்டாம் வருடம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் வருடம், காலையில் வந்ததும் வராததுமாக அன்றைய பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குத் துணுக்குகளை வெட்டும் வேலைக்குப் போய்விடுவார். "நீ எழுதினா நான் எதுக்குப்பா பாக்கணும்?" என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் நான் எழுதுவதற்கு முன்பே இருபது வரிக்கும் அவர் கையெழுத்து விழுந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் எழுதினேன். பிடிபட வேண்டும் என்றும் இருந்தது, பிடிபடக் கூடாது என்றும் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை, ஐயா.

அக்கா உங்களிடம் வந்து, காலையிலேயே கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டதால்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் நேற்று ஒரு கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம், மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம். மூன்று முறை படித்தேன். அப்பாவும் வாங்கிப் படித்துவிட்டு மூச்சு விட்டார். "பரவாயில்லடா, வேலை போகலை" என்றார்.

அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் நாற்காலிக்கு வந்த பிறகு இன்னும் மூன்று முறை செய்தேன். இப்போது எண்ணை எழுதுகிறவள் புதிதாக வந்த பெண். அவள் எழுதியதை அழித்து மாற்றி எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், நன்றாகவே எழுதுகிறாள். முதல் இரண்டின் எண்களையும் இந்தத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது போன வாரம் நடந்தது. அந்த நோயாளிப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. இன்றைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் அவளுக்கு ஆபரேஷன்.

உங்கள் சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்றால், இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. போன் உங்கள் கைப்பக்கம்தான் இருக்கிறது. பேசுவதா வேண்டாமா என்று நீங்களே ஒரு முடிவு எடுங்கள்.