பழுப்பு ஏறாத பச்சை

பச்சைக் கல் வாங்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போக வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் நல்லது. நேர் வெயிலில் எந்தக் கல்லும் தன்னை அழகாகக் காட்டிக்கொள்ளும். குழல் விளக்கின் கீழே நல்ல கல்லும் காய்ச்சல்காரன் மாதிரி தெரியும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை மேடம். நான் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்புவேன், அவ்வளவுதான்.

நான் நகைக்கடைகளுக்குப் பார்த்து வாங்கித் தந்தவை பெரும்பாலும் கிரிசோபெரில் கற்கள். வைடூரியம் என்று பூனைக்கண் கல்லை மோதிரத்தில் போடுகிறார்களே, அதன் வகையறாதான். ஆனால் கண் கிடையாது, கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மரகதத்தின் பச்சை இல்லை. இளம் மாவடுவின் பச்சை என்பாள் என் தங்கை வசுமதி. மஞ்சள் கூடினால் விலை இறங்கும். பழுப்பு ஏறினால் யாரும் தொட மாட்டார்கள். அபூர்வமாக ஒன்றிரண்டு கல், பகலில் பச்சையாகவும் குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பாகவும் மாறும். அதற்காகவே சென்னையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வருவார்கள். இந்தப் பாலசுப்ரமணியன் பார்த்துச் சொன்னால் சரி என்று அந்தக் கடற்கரை முழுக்கப் பேச்சு இருந்தது.

எனக்கு அந்தக் கல் எந்த வெளிச்சத்திலும் காய்ந்த வைக்கோல் நிறம்தான்.

எனக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாது மேடம். பிறவியிலேயே. பத்தொன்பது வயதில், செங்கல்பட்டில் என் அப்பா ரயில்வே ஃபயர்மேனாக இருந்தபோது, எனக்கும் ரயில்வேயில் வேலை கிடைக்க இருந்தது. மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார். நம்பர் எதுவும் இல்லை என்றேன். அடுத்த பக்கத்திலும் அதையே சொன்னேன். அப்பா வெளியே இனிப்பு வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உயரம் போதவில்லையாம் என்று ஊரில் சொல்லிவிட்டோம். அப்பா சாகிற வரைக்கும் அதையே சொன்னார்.

வசுவுக்கு அப்போது பத்து வயது. அவள் மட்டும் தன் வளையல்களைக் கழற்றிப் பாயில் வைத்து, "பச்ச எதுண்ணா?" என்று கேட்டாள். நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என் சட்டைகளை அவள்தான் எடுத்து வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூட டீச்சராகி, தினமும் திருக்கழுக்குன்றத்துக்கு பஸ்ஸில் போய் வந்த காலத்திலும், நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனாவில் ஒரு நூலைச் சுற்றி வைப்பாள். நான் தவறி அதை எடுத்துவிடக் கூடாதே என்று. சிவப்பு என் கண்ணுக்குக் கறுப்பு மாதிரிதான் இருக்கும்.

கல் பார்க்கும் வேலைக்கு நான் வந்தது இப்படித்தான். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்து அப்துல் சுபஹான் அங்கே கற்கள் கொண்டுவருவார். ஒருநாள் வசு என்னோடு வந்திருந்தாள். அவர் பிரித்து வைத்த பொட்டலத்தைப் பார்த்து, இது நல்ல பச்சை, இது இல்லை என்று என் காதில் சொன்னாள். அதையே நான் சத்தமாகச் சொன்னேன். சுபஹான் நிமிர்ந்து பார்த்து, "அண்ணாத்த, உனக்கு கண்ணு கீதுப்பா" என்றார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் இடுக்கியில் கல்லை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன். லென்ஸ் வைத்து உள்ளே மாசு, கீறல் பார்ப்பேன். அது எனக்கு நன்றாகவே தெரியும், அதில் நான் பொய்யில்லை. வசு பின்னால் உட்கார்ந்திருப்பாள். பச்சை சரியாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். பழுப்பு இருந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பாள். பதினைந்து வருடம் இப்படியே வாங்கினோம். ஒரு கல்லும் திரும்பி வரவில்லை.

அவளுக்கு வரன் வந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்று பேர் வீட்டுக்கும் மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான். அதிகம் எழுதவில்லை. பெண்ணுக்கு அவ்வப்போது புத்தி தடுமாறும், விசாரித்துக்கொள்ளவும். இவ்வளவுதான். அவளுடைய நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. அதை என்னால் எழுத முடியாது.

நான்காவதாக வந்தவர்தான் ராஜேந்திரன். தொண்ணூற்றெட்டில். செய்யூர் பக்கம் உப்பளத்தில் மேற்பார்வையாளர், மனைவியை இழந்தவர், நாற்பத்தொரு வயது. அவருக்கும் எழுதினேன். மற்றவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் விலகிப் போனார்கள். இவர் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், இத பாருங்க. யாரோ வேணும்னே எழுதிகிறாங்க. உங்களுக்குத் தெரியணும்னு எடுத்தாந்தேன்" என்றார்.

வசு கையை நீட்டி அதை வாங்கினாள். படித்தாள். பிறகு வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். "வேலையத்தவங்க" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டு, அவருக்குக் காபி கொண்டுவந்தாள். சிரித்துப் பேசினாள். அவர் போனபின் என் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, மாப்ள வீட்டுக்கு யாராவது செவப்பு மையில எழுதுவாங்களா?"

பேனாவிலிருந்த நூல் எப்போதோ அவிழ்ந்து விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"முன்னாடி மூணும் நீதானா?" என்றாள்.

நான் எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் அழுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "கல்யாணம் ஆனா மட்டும் நான் எங்க போயிடப்போறேன்? இதோ இருக்குது செய்யூரு. மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்து பாத்துச் சொல்றேன். அவர்கிட்டகூட சொல்ல மாட்டேன். இனிமே லெட்டர் மட்டும் எழுதாதண்ணா."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் கல் மாதத்துக்கு இரண்டு முறை என்று நாள் பார்த்தா வருகிறது? மேலும், புருஷனிடம் சொல்ல மாட்டேன் என்று எல்லாப் பெண்களும்தான் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது வாயில் வந்துவிடும். அவர் உப்பளத்தில் யாரிடமாவது சிரித்துக்கொண்டே சொல்வார். அன்று முதல் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. செங்கல்பட்டு ஏரிக்கரையில் போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். எதிரே வருகிறவனுக்குத் தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்ப்பேன்.

கடிதத்தில் எழுதியது பொய் என்பதுதான் சிக்கல். அது உண்மையாக இருந்தால் யாருக்கும் யார் மேலும் கோபம் இருக்காது இல்லையா? அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவளுக்கு அப்போது சரியாகத் தூக்கம் வரவில்லை. நியாயம்தானே. அதைச் சொல்லி ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் நான் கூடுதலாகச் சில விஷயங்கள் சொன்னேன். தானாகப் பேசுகிறாள், யாரோ பின்னால் வருவதாகச் சொல்கிறாள் என்று. அவர் அவளை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மனக் கோளாறுக்கான ஒரு மாத்திரையை மூன்று வாரத்துக்கு எழுதினார். அவர்மேல் தப்பில்லை. பதினைந்து நாளில் திரும்பக் கூட்டி வா என்றுதான் சொன்னார். நான் கூட்டிப் போகவில்லை. பழைய சீட்டையே காட்டி வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். மருந்து எதுவும் தேவையில்லையாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, காலைக் காபியில் கரைத்துக் கொடுத்தேன். அதுவரை வீட்டில் காபி போடுகிறவள் அவள். நான் போட ஆரம்பித்ததும் சந்தோஷப்பட்டாள். கடிதத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

நிச்சயதார்த்தத்தன்று ராஜேந்திரனின் அக்கா முன்னால் தாம்பூலத் தட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. கேட்ட கேள்விக்கு நாக்கு குழறிப் பதில் சொன்னாள். அந்த அம்மாள் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே தூங்கிவிட்டாள் என்று புகார் வந்தது. விடுப்பு எடுத்தாள், பிறகு வேலையை விட்டாள்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "எனக்கு நெஜமாவே அப்படித்தான் போல இருக்குதுண்ணா. எனக்கே தெரியாதது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. நான்தான் உன்மேல கோச்சுக்கினேன்."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கல் பார்க்கப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக மாத்திரையை நிறுத்திவிடுவேன். அவள் கொஞ்சம் தெளிந்துவிடுவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு வருடம் இப்படி ஓடியது.

ராஜேந்திரன் மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் செய்யூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். வேர்க்கடலை வாங்கிவந்து உரித்து அவள் கையில் கொடுப்பார். அவள் பாதி பேச்சில் தூங்கிப்போனாலும் உட்கார்ந்தே இருப்பார். "ஒடம்புன்னா வரும், போவும். அதுக்காக உட்ருவாங்களா சார்" என்பார். இரண்டாயிரத்து இரண்டில், தை மாதத்தில் யாரையும் கேட்காமல் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று வந்து சொன்னார். அந்த வாரம் மாத்திரையைக் கூட்டினேன். தை போய் மாசி வந்தது, தாலி ஏறவில்லை. கூட்டியதைக் குறைக்கவில்லை.

இதற்கிடையே அவள் சாயங்காலம் ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்து வீட்டில் பொருந்தாத நிறத்தில் ரவிக்கை போடுகிறாள், பாவம் என்று பேசிக்கொண்டார்களாம். பொருந்துகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் மேடம்?

ஆனி மாதம் சுபஹான் ஆள் அனுப்பினார். சதுரங்கப்பட்டினத்தில் அவர் வீட்டு மாடியறை, வடக்கு ஜன்னல், நல்ல கடல் காற்று. அவர் மனைவி ராபியா வசுவுக்கு மோர் கொடுத்தாள். சுபஹான் இரண்டு கற்களை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். இரண்டும் ஒன்பது காரட்டுக்கு மேல், இரண்டும் உள்ளே மாசில்லாமல் தெளிவு. முதல் கல்லை எடுத்தேன். வசு, "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். இரண்டாவதை எடுத்தேன். தண்ணீர் கேட்டாள்.

"இதுதான்" என்றேன்.

சுபஹான் என்னையே பார்த்தார். "அண்ணாத்த, வெளயாட்றியா? அது பழுப்புப்பா. ஜோடியா வந்துச்சுன்னு வெச்சேன். பச்சைய உட்டுட்டு பழுப்ப எடுத்துக்கினு இதுதான்ற."

நான் திரும்பி வசுவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து காகிதத்துக்கு மிக அருகில் குனிந்தாள். கையால் துழாவி ஒரு கல்லைத் தொட்டாள்.

"எனக்குத் தெரியலண்ணா. கொஞ்ச நாளாவே தெரியல. எல்லாம் டீத்தண்ணியில ஊறப்போட்ட மாரி கீது. சொன்னா நீ ஒடஞ்சிபோயிடுவன்னு சொல்லல. இத்தினி நாளு குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

சுபஹான் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மெதுவாக, "அப்ப நீ?" என்று கேட்டார். இருபத்தெட்டு வருடமாக நான் பயந்த கேள்வி அது. மாடிப்படியில் இறங்கி மணலில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ராபியா வசுவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். கண்ணின் உட்புறத்தைப் பார்த்த டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவை கேட்டும் ஒன்றும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். ராஜேந்திரன்தான் எங்கள் வீட்டுச் சமையலறையில் தேடி, காபிப்பொடி டப்பாவுக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்தார். நான் எதையும் மறுக்கவில்லை. காபியில் கலந்தது நான். நான்கு வருடம், கல் பார்க்கும் நாட்கள் நீங்கலாக.

நீங்கள் நேற்றிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அவள் கண்ணுக்காகத்தான் வீட்டில் வைத்திருந்தேன் என்றால், கண் போகும் என்று தெரிந்தும் ஏன் கொடுத்தேன் என்று. ஆமாம், தெரியும். அந்த டாக்டர் முதல் நாளே சொன்னார், அளவு கூடினால் கண்ணைத் தாக்கும், நிறம் மங்கும் என்று. தை மாதம் கூட்டியபோது அது என் நினைவில் இருந்தது. மறக்கவில்லை. இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நேரமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். அவளை ராஜேந்திரன் செய்யூருக்குக் கூட்டிப் போயிருக்கிறாராம். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இதெல்லாம் தெரியாது. வெந்ததா வேகாததா, பழுத்ததா காயா, எந்தச் சேலை எங்கே இருக்கிறது, எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது, இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். நிறம் இல்லாமல் வாழ அவளுக்குக் கற்றுக்கொடுக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அவளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள் மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன்.