தொட்டிக்குக் குறுக்கே நின்றது

எனக்குப் பசி மட்டும் தாங்காது, ஐயா. இட்லி வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றாக இருப்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன்.

வாலாஜாபாத் சாலையில் ஒரு சீமைப் பன்றிப் பண்ணையில் பதினோரு வருஷமாகத் தீனி போடுகிறேன். பட்டிக்குப் பத்துப் பன்றி, ஒரே தொட்டி. நாலாம் நம்பர் ஆண் பன்றியின் வாரிசு ஒன்று இருந்தால் போதும், அது கொழுக்கும், கூட இருப்பவை இளைக்கும். கடிக்காது, முட்டாது. தொட்டிக்குக் குறுக்கே சும்மா நிற்கும். கருட சேவையன்று காஞ்சிபுரத்துச் சத்திரங்களின் மிச்சச் சோற்றை வழிய வழியக் கொட்டினாலும் மற்றவை கிட்டே வராது. அப்பனைப் பார்த்தே இராத குட்டிக்கும் அதே குணம். எடை போடுகிறவருக்கு இது தெரியாது. தராசு ஏறி நிற்பதை மட்டும்தானே நிறுக்கும்.

நீங்கள் விசாரிக்கிற தாமல் ஊர்த் துரைக்கண்ணு என் தங்கை அலமுவின் புருஷன். அவன் வீட்டில்தான் அவள் நோஞ்சானாகிச் செத்தாள். சோறு போட்டாயா என்று சாவு வீட்டில் கேட்டேன். ஊர் முன்னால் சொன்னான்:

"உங்க வூட்லேர்ந்து வரச்சொல்லவே எலும்பும் தோலுமாத்தான் வந்தா. அண்ணன் துன்னது போக மிச்சந்தான் எனக்குன்னு சொல்லிக்கினு இருப்பா."

அந்த அபாண்டத்தை நான் மறக்கவில்லை. எழுபத்தொன்றில் அவனே பன்றி வளர்க்க ஆசைப்பட்டு வந்தான்.

"எது நல்லா தேறும் மச்சான்?"

"நாலாம் நம்பர இட்டுக்கினு போங்க மாப்ளே. இருக்கறதுலயே அதான் கனம்."

பொய் இல்லையே, ஐயா.

இரண்டு வருஷத்தில் அவன் கொட்டகை முழுக்க அதன் வாரிசு. தொட்டி நிறையத் தவிடு, சுற்றிலும் விலா எலும்பு தெரியும் பன்றிகள். பிரித்துப் போட்டுத் தனித்தனித் தொட்டி வைத்தால் தீர்ந்தது. நான் சொல்லவில்லை. தீனி போதவில்லை என்றேன். ஏரிக்கரை நிலத்தை விற்றுத் தவிடு வாங்கினான். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு வயிறு குளிர்ந்தது. பன்றிக்கு உண்ணி இருக்கும், பூச்சிமருந்து அடி என்று பாலிடால் டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். உண்ணி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்கே அதைக் குடித்துச் செத்தான்.

எல்லாம் அலமுவுக்காகச் செய்தது. உங்கள் இட்லி ஆறுகிறதே, இப்படித் தள்ளுங்கள்.

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பவள் என் மனைவி பெரியநாயகி. கட்டிக்கொண்டு வந்தபோது தாட்டியாக இருந்தாள். எந்த வைத்தியத்துக்கும் தேறவில்லை, ஏனென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்திருப்பது அலமுவின் பெண் காந்தா. நான் வெளியே வந்ததும் காந்தாவை என் பக்கத்திலேயே உட்காரவைத்துத்தான் சோறு போடப்போகிறேன். குழந்தை தேறிவிடும்.