காய்ச்சல் பார்க்கும் சட்டை

பன்னீர் திராட்சை எனக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். பல் கூசும். இருந்தும் 2009-இல் ஆறு மாதம் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்திலேயே கிடந்தேன். ஆராய்ச்சி அப்படி. சட்டைக்குள் பொடிசாக ஒரு சென்சார் தைத்திருப்போம். போட்டிருப்பவரின் உடம்புச் சூட்டை அது ஒயர் இல்லாமலேயே என் லேப்டாப்புக்கு அனுப்பும். அது காட்டுவது நிஜம்தானா என்று சோதிப்பது என் வேலை.

கொடிகளுக்கு மருந்தடிக்கும் சுருளிவேல்தான் சட்டையைப் போட்டுக்கொண்டான். தங்கமான ஆள். "கிழிஞ்சா கேஸு போட்ருவீகளா சார்?" என்று கேட்டுச் சிரிப்பான். அவன் மனைவி மொக்கம்மாளுக்கு அந்தச் சட்டைமேல் அப்படியொரு நம்பிக்கை. பிள்ளைக்குத் தடுமன் பிடித்தால்கூட அதைப் போர்த்திவிட்டு, "என்ன காட்டுது சார்?" என்று ஓடி வருவாள்.

என் கஷ்டத்தையும் கேளுங்கள். சுருளிவேல் கல்லு மாதிரி இருந்தான். ஐந்து மாதமாகத் தொண்ணூற்றெட்டரையைத் தாண்டவே இல்லை. காய்ச்சல் உடம்பில் சோதிக்காமல் ஆய்வேடு செல்லாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். காலையில் நூற்று இரண்டு, மதியம் நூற்று நான்கு. பாதரசத் தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தேன். அதே நூற்று நான்கு. அப்பாடா என்றிருந்தது.

மொக்கம்மாள் அவனைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாள். டவுன் பஸ் வரும் நேரம்.

"சார், சட்டை என்ன சொல்லுது? தொட்டா கொதிக்குதே."

"தொண்ணூத்தொம்பதுதான். மழையில நனைஞ்ச சூடு. படுத்தாச் சரியாயிரும்."

அவள் தன் கையை நம்பவில்லை, சட்டையை நம்பினாள். பஸ் போய்விட்டது. மறுநாளும் கேட்டாள். அதே தொண்ணூற்றொன்பதைச் சொன்னேன்.

மாத்திரை கேட்டாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் சூடு இறங்கி வரைபடம் கெட்டுவிடும். அதனால் சத்து மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் இல்லை சார், கஞ்சி குடிக்கவைத்துத்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நூற்றாறைத் தொட்டது. பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே போனது. சட்டையைக் கொஞ்ச நேரம் கழற்ற வேண்டாம் என்று, அழுதுகொண்டிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அறையின் சூட்டுக்கு வந்து நிற்கும்வரை சென்சார் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

மொக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு நாளா அசையாம இங்கனயே இருந்தீகளே சார்" என்று கதறினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவனைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள், சார்: அந்த மூன்று நாளும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவனைப் பார்த்தேன். என்னளவுக்கு அவனைக் கவனித்துக்கொண்டவர்கள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.